தஞ்சாவூர் பட்டாபிஷேகப் படம், ஒரிஜினல் தங்க ஃபாயில், 24க்கு 18 இன்ச்: வாங்கி 1 வருஷம் ஆச்சு, முழு அனுபவம்

அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு என்ன குடுக்கலாம்னு நானும் தம்பியும் 2 மாசமா மண்டைய உடைச்சுக்கிட்டு இருந்தோம். மோதிரம், செயின்லாம் வாங்கிக் குடுத்தா பீரோவுல வச்சுப் பூட்டிருவாரு. அப்பதான் அவரு எப்பவோ பேச்சுவாக்குல சொன்னது ஞாபகம் வந்துச்சு, தாத்தா வீட்டு ரேழியில ஒரு பெரிய ராமர் பட்டாபிஷேகப் படம் இருந்துச்சாம், சாயங்காலம் விளக்கு வச்சதும் இருட்டுல அந்தப் படம் மட்டும் தனியா தெரியுமாம், பாகப்பிரிவினைல அது யார் வீட்டுக்குப் போச்சுன்னே தெரியலன்னு. சரி, அதே மாதிரி ஒரு தஞ்சாவூர் படத்தையே குடுத்துருவோம்னு முடிவு பண்ணோம்.

ஆனா எனக்கு தஞ்சாவூர் பெயிண்டிங்னாலே ஒரு பயம் இருந்துச்சு. 4 வருஷம் முன்னாடி ஆன்லைன்ல ஒரு கடையில 6,500 ரூபாய்க்கு ஒரு லட்சுமி படம் வாங்கினேன். 22 காரட் தங்க ஃபாயில்னு போட்டிருந்தாங்க. வந்தப்ப தகதகன்னு இருந்துச்சு, வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் எங்க வாங்குனன்னு கேட்டாங்க. ஒண்ணேகால் வருஷத்துல கிரீடத்தோட ஓரத்துல பச்சையும் கருப்புமா ஒரு கோடு வந்துச்சு, அப்புறம் அது அப்படியே ஒட்டியாணம் வரைக்கும் இறங்கிருச்சு. போன் பண்ணிக் கேட்டா நீங்க சாம்பிராணி போட்டிருப்பீங்க, அதான்னு சொல்லி வச்சுட்டாங்க. நானும் அத நம்பி, நம்மதான் கெடுத்துட்டோம்னு ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன். தங்கம் சாம்பிராணிக்கெல்லாம் கறுக்காது, புகை படியும், தொடச்சா போயிரும், அவ்ளோதான். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை ஃபாயில்தான் ஈரக்காத்து பட்டுப் பட்டு இப்படி பச்சையாவும் கருப்பாவும் மாறும். இது தெரிஞ்சதுக்கு அப்புறம் எனக்கு வந்த கோவம் இன்னும் போகல. காசு போனத விட, சாமி படத்த வச்சு ஒருத்தர ஏமாத்துறாங்களேன்னுதான்.

அதனால இந்த தடவ நேரா தஞ்சாவூருக்கே போயிட்டோம். பூம்புகார்னு கவர்மென்ட் கைவினைப் பொருள் ஷோரூம் இருக்கு, அங்க போய் சைஸ், விலை எல்லாம் ஒரு ஐடியாவுக்குப் பார்த்துக்கிட்டோம், அரண்மனைக்கும் போனோம், அப்புறம் சித்தப்பா ஒருத்தர் சொல்லி, கீழவாசல் பக்கம் ஒரு சந்துக்குள்ள இருக்குற ஒரு பட்டறைக்குப் போனோம். போர்டு கிடையாது, கடைன்னு சொல்ல முடியாது, வீட்டுத் திண்ணையும் முன்ரூமும்தான் பட்டறை. ஒரு பெரியவர், அவரு மகன், மருமக, மூணு பேரும் வேலை பாக்குறாங்க. நம்பரெல்லாம் நெட்ல போடாதீங்கம்மா, இருக்குற ஆர்டரே 3 மாசத்துக்கு இருக்குன்னு அவங்களே கேட்டுக்கிட்டாங்க, அதனால யாரும் என்கிட்ட நம்பர் கேக்காதீங்க. நான் இத எழுதுறதே, நீங்க எங்க வாங்குனாலும் என்னத்தப் பார்த்து வாங்கணும்னு தெரிஞ்சுக்கணும்ங்கறதுக்காகத்தான்.

பெரியவர் முதல்ல கேட்ட கேள்வியே எனக்குப் புடிச்சிருந்துச்சு. என்ன பட்ஜெட்னு கேக்கல, படத்த எந்த சுவத்துல மாட்டப் போறீங்க, அங்க என்ன லைட்டுன்னு கேட்டாரு. பூஜை ரூம், வெளக்கு வெளிச்சம்தான், சாயங்காலம் மட்டும் ஒரு சின்ன பல்பு போடுவோம்னேன். அப்ப எம்போஸ், அதாவது நகை, கிரீடமெல்லாம் மேடா எழும்பி நிக்கிற வேலை, நல்லா தூக்கலா வைக்கணும், ஹால்ல டியூப்லைட்டுக்கு நேரா மாட்டறதா இருந்தா இவ்ளோ தேவையில்லன்னாரு. எனக்கு அப்பப் புரியல. உள்ள இருந்து பாதி முடிச்ச ஒரு கிருஷ்ணர் படத்த எடுத்துட்டு வரச் சொல்லி, கதவ சாத்தி, லைட்ட அணைச்சுட்டு, ஒரு அகல் வெளக்க ஏத்தி ஒரு ஓரமா வச்சாரு. டியூப்லைட்ல பார்த்தப்ப ஏதோ மஞ்சளா ஜிகினா மாதிரி இருந்த அதே படம், சத்தியமா சொல்றேன், உயிரோட இருக்குற மாதிரி ஆயிருச்சு. வெளக்கு ஆட ஆட ஒரு முத்து மின்னுது, அது அடங்குது, பக்கத்து முத்து மின்னுது, கிரீடத்துல வெளிச்சம் மேல ஏறி ஏறி இறங்குது. தட்டையா இருந்தா எல்லாம் ஒரே பக்கமா ஒரே மாதிரி பளபளக்கும், மேடு பள்ளமா இருக்கறதாலதான் ஒவ்வொரு இடமும் வேற வேற நேரத்துல வெளிச்சத்த வாங்கித் திருப்பிக் குடுக்குது. கரண்ட் இல்லாத காலத்துல, ஜன்னல் கம்மியா இருந்த பெரிய வீட்டுல, மடத்துல, வெளக்கு வெளிச்சத்துல பாக்கறதுக்குன்னே பண்ண படம் இது. அப்பா சின்ன வயசுல ரேழியில பார்த்தது என்னன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது.

வேலை எப்படி நடக்குதுன்னு 2 மணி நேரம் உக்காந்து பார்த்தோம், அவங்களும் சலிச்சுக்காம காட்டினாங்க. முன்னாடி பலாப்பலகையில பண்ணதால இதுக்கு பலகைப் படம்னே பேரு, இப்ப பிளைவுட்தான். அது மேல துணிய ஒட்டி, சாக் பவுடரும் கோந்தும் கலந்து பூசி, காய வச்சுத் தேய்ச்சு வழுவழுன்னு ஆக்கிட்டுதான் ஸ்கெட்ச்சே போடுறாங்க. அப்புறம் ஜெய்ப்பூர் கல்லப் பதிக்கறது. அதுக்கப்புறம் மக்கு. சுக்கான் பொடியும் (சுண்ணாம்புக்கல் பொடி) கோந்தும் சேர்த்து தோசை மாவு பதத்துக்கு ஒரு டம்ளர்ல கரைச்சு வச்சிருக்காங்க, பிரஷ் நுனியில தொட்டு, சொட்டு சொட்டா வச்சு, அது காஞ்சதும் அது மேலயே இன்னொரு சொட்டு, இப்படித்தான் நகை, கிரீடம், தூணு, தோரணம் எல்லாம் மேடாகுது. ஒரு முத்து மாலைக்கு மட்டும் எத்தன சொட்டுன்னு நான் எண்ண ஆரம்பிச்சு 140க்கு மேல விட்டுட்டேன்.

ஃபாயில் ஒட்டுற வேலை மருமக அக்காவோடது. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எந்திரிச்சு ஃபேன நிறுத்திட்டாங்க, காத்துல பறந்துரும்னு. பேப்பருக்கு நடுவுல இருக்குற ஃபாயில, கிரீடத்தோட அளவுக்கு கத்திரியால வெட்டி, மக்கு மேல கோந்து தடவி, அப்படியே மெதுவா எறக்குறாங்க. எறக்குனதும் அது ஒரு சாதா மஞ்சத் தகடு மாதிரிதான் மூடிக்கிட்டு இருக்கு, அடியில என்ன இருக்குன்னே தெரியல. அப்புறம் ஒரு மெல்லிசு துணிய வெரல்ல சுத்திக்கிட்டு அமுக்க ஆரம்பிச்சாங்க பாருங்க, அமுக்க அமுக்க உள்ள இருந்த முத்தெல்லாம் ஒவ்வொண்ணா மேல எழும்பி வருது, கல்லு எல்லாம் முகம் காட்டுது, கடைசில பிரஷ்ஷோட பின்பக்கத்தால ஒவ்வொரு முத்தச் சுத்தியும் ஒரு வட்டம் போட்டு அழுத்தி முடிச்சாங்க. அது வரைக்கும் யாரும் பேசல, என் தம்பி கூட போன கீழ வச்சுட்டான். ஃபாயில் முடிஞ்சதுக்கு அப்புறம்தான் கலரு, எல்லாத்துக்கும் கடைசியாதான் முகம், அதுலயும் கண்ண பெரியவர் மட்டும்தான் தொடுவாராம்.

இதுல எவ்ளோ தங்கம் இருக்கும்யான்னு தம்பி கேட்டான். பெரியவர் சிரிச்சுட்டு, முழுசா சொரண்டி எடுத்தா உன் சுண்டுவெரலுக்கு ஒரு மோதிரம் வராது தம்பி, நீ காசு குடுக்கறது கைக்குன்னாரு. இத எல்லாரும் தெரிஞ்சுக்கணும். தங்கம் வெலை ஏறுது, படமும் ஏறும்னு இன்வெஸ்ட்மென்ட் மாதிரி பேசி விக்கிறவங்க இருக்காங்க, அப்படி நெனச்சு வாங்காதீங்க. ஃபாயில் அவ்ளோ மெல்லிசு. ஒரிஜினல் ஃபாயில் எதுக்கு வேணும்னா, அது நிறம் மாறாது, நம்ம பேரப் புள்ளைங்க காலத்துலயும் அப்படியே இருக்கும், அதுக்குத்தான்.

எனக்கு இந்த வேலையில ரொம்ப ஆழமா தோணுனது வேற ஒண்ணு. படத்துல யாருக்கு எவ்ளோ தங்கம்னு ஒரு கணக்கு இருக்கு. பெரியவர் ஸ்கெட்ச்ச வச்சுக் காட்டினாரு, ராமருக்கும் சீதைக்கும் கிரீடம், ஹாரம், சிம்மாசனம், அது மேல இருக்குற மண்டப வளைவு, தூணு, எல்லாம் தங்கம். கொடை புடிக்கிற பரதனுக்கு அதுக்கு அடுத்தபடி, சாமரம் வீசுற லட்சுமணன், சத்ருக்னனுக்கு இன்னும் கொஞ்சம் கம்மி, கால்மாட்டுல இருக்குற அனுமாருக்கு ஒரு சின்ன கிரீடம், கையில காப்பு. சுத்தி இருக்குற திரைச்சீலை, திண்டு, தூணு எல்லாம் பார்த்தா இது அயோத்தி மாதிரியா இருக்கு, தஞ்சாவூர் அரண்மனை தர்பார் மாதிரிதான் இருக்கு. சாமிய ராஜாவா வரைஞ்சாங்களா, இல்ல ராஜாவப் பார்த்து சாமிய வரைஞ்சாங்களான்னு பிரிக்க முடியல.

அரண்மனைக்கும் சரஸ்வதி மகால் நூலகத்துக்கும் போயிட்டு வந்ததுக்கு அப்புறம் இது இன்னும் ஆழமா உள்ள போச்சு. மராட்டிய ராஜாக்கள் 1676லேர்ந்து 1855 வரைக்கும் தஞ்சாவூர்ல இருந்தாங்க, அவங்க ஆதரவுலதான் இந்தப் படம் இன்னைக்கு நம்ம பாக்குற மாதிரி வளர்ந்துச்சு, அதுலயும் இரண்டாம் சரபோஜி காலத்துல அமோகமா இருந்துச்சுன்னு சொல்லுவாங்க. அவரு பட்டத்துக்கு வந்தது 1798. அடுத்த வருஷமே, 1799ல, ஒப்பந்தம் போட்டு ராஜ்ஜியத்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் வாங்கிக்கிட்டான், இவருக்கு மிஞ்சினது கோட்டையும் வருஷா வருஷம் வர்ற பணமும்தான். நெனச்சுப் பாருங்க, படை இல்ல, வரி வாங்க ஊர் இல்ல, ஆனா தர்பார் நடக்குது, பட்டறையில தங்க ரேக்கு ஒட்டுறாங்க, கிரீடம் மேல கிரீடமா வரையுறாங்க. பட்டாபிஷேகக் காட்சிய அந்தக் காலத்துல அவ்ளோ ஆசையா வரைஞ்சதுக்கு பக்தி ஒரு காரணம்னா, கையவிட்டுப் போன அரச மரியாதைய பலகையிலயாவது புடிச்சு வச்சுக்கணும்ங்கற தவிப்பும் ஒரு காரணம்னு எனக்குத் தோணுது. சரபோஜி 1832ல காலமானாரு, அவரு மகன் சிவாஜி 1855ல ஆண் வாரிசு இல்லாம இறந்து போனதும், பேருக்கு இருந்ததையும் கம்பெனி எடுத்துக்கிச்சு. அதுக்கப்புறம் ஓவியர்கள காப்பாத்துனதுல செட்டிநாட்டு வியாபாரிகளுக்குப் பெரிய பங்கு இருக்கு. ராஜா போனதும் தங்கம் யார் வீட்டு சுவத்துக்குப் போச்சுன்னு பாருங்க, யாருகிட்ட செல்வாக்கு மாறுச்சோ அங்க போச்சு. இப்ப பட்டறையில செட்டிநாடு ஃப்ரேம்னே ஒரு டிசைன் குடுக்குறாங்க, நாங்க எடுத்ததும் அதுதான், தேக்குல.

சரி, விலைக்கு வர்றேன். 24க்கு 18 இன்ச், தூக்கலான எம்போஸ், தேக்கு ஃப்ரேமோட 32,000 ரூபா. அட்வான்ஸ் 10,000. ஆளுங்க நெறைய இருக்குற படம்ங்கறதால இந்த விலை, இதே சைஸ்ல ஒத்த உருவம்னா 24,000, 25,000க்கு முடிஞ்சிரும்னாங்க. பேரம் பேசல, 2 மணி நேரம் அந்த வேலையப் பார்த்ததுக்கு அப்புறம் எங்களுக்கு வாய் வரல. பில்லுல 22 காரட் ஃபாயில்னு எழுதி வாங்கிக்கிட்டோம், இத கண்டிப்பா கேளுங்க, வாய்வார்த்தையில விடாதீங்க. தஞ்சாவூர் ஓவியத்துக்கு புவிசார் குறியீடு 2007-08லயே கெடச்சிருச்சு, ஆனா அத சொல்லி வித்தாலும் ஃபாயில் என்னன்னு தனியா கேட்டு எழுதி வாங்கறதுதான் நமக்கு பாதுகாப்பு. முடிஞ்சா ஃபாயில் ஒட்டி முடிச்சு கலர் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க, மக்கு வேலை சுத்தமா இருக்கா, முத்தெல்லாம் ஒரே அளவா இருக்கான்னு அப்பதான் தெரியும், கலர் அடிச்சுட்டா பாதி குறை மறைஞ்சிரும். இன்னொண்ணு, சில இடத்துல மைசூர் பெயிண்டிங்கயும் தஞ்சாவூர்னே சொல்லித் தர்றாங்க. அதுவும் அழகான கலைதான், ஆனா அதுல மக்கு ரொம்ப தாழ்வா இருக்கும், கல்லு பதிச்சு தூக்கிக் காட்ட மாட்டாங்க, வேற ரசனை.

குறையும் சொல்லணும். 45 நாள்னு சொன்னாங்க, 57 நாள் ஆச்சு. நடுவுல ஒரு வாரம் போனே எடுக்கல, எங்களுக்கு முகூர்த்த நாள் நெருங்குது, அம்மாகிட்ட சொல்லவும் முடியாம தவிச்சுப் போயிட்டோம். அப்புறம் பேசுனப்ப மழையில மக்கு காயல, காயாம ஃபாயில் ஒட்டுனா பின்னாடி வெடிச்சிரும்னாங்க, காரணம் நியாயமானதுதான், ஆனா அத ஒரு போன்ல முன்னாடியே சொல்லியிருக்கலாம். ரெண்டாவது, சத்ருக்னன் முகம் மத்த முகம் அளவுக்கு வரல, கண்ணு கொஞ்சம் மேல பாக்குது, அவரு பார்வை ராமர் மேல விழாம தூணு மேல விழுது. தெரிஞ்சவங்க பார்த்தா தெரியும். மூணாவது, பின்னாடி அடிச்சிருந்த கொக்கி இந்த வெயிட்டுக்குப் பத்தாது, நாங்க ஆசாரிய கூப்ட்டு வேற போட்டோம். கூரியர்ல அனுப்பறோம்னாங்க, நாங்க ஒத்துக்கல, தம்பி கார்ல போயி சீட்டுல படுக்க வச்சு எடுத்துட்டு வந்தான். கண்ணாடி போட்ட படத்த கூரியர்ல விடாதீங்க.

வாங்கி 7 மாசத்துல சிம்மாசனத்து கால்ல ஒரு செவப்புக் கல்லு விழுந்து கண்ணாடிக்குள்ள கீழ கெடந்துச்சு. போட்டோ அனுப்பினேன். படத்த எடுத்துட்டு வாங்க, காசு வேணாம்னாங்க. கொண்டு போனோம், பெரியவரே ஃப்ரேம கழட்டி, மக்கு வச்சு கல்ல உக்கார வச்சு, அந்தச் சின்ன இடத்துக்கு மட்டும் புது ஃபாயில் ஒட்டி, அன்னைக்கு சாயங்காலமே திருப்பிக் குடுத்தாரு. எங்க ஒட்டினாருன்னு இப்ப என்னால கண்டுபுடிக்க முடியல. சத்ருக்னன் கண்ணப் பத்தியும் தயங்கித் தயங்கி சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, ஆமாம்மா, தப்புதான்னு ஒத்துக்கிட்டாரு, ஆனா காஞ்ச கண்ண தொட்டா இன்னும் கெட்டுரும், வேணாம்னாரு. அந்த நேர்மைக்கே எனக்கு மனசு நிறைஞ்சிருச்சு.

ஒரு வருஷம் ஆச்சு, ஃபாயில் அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு, ஒரு புள்ளி கறுக்கல, அதே பூஜை ரூம்தான், அதே சாம்பிராணிதான். ஈரம் இறங்குற சுவத்துல மாட்டல, படத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல காத்துப் போக கார்க் துண்டு வச்சிருக்கோம், நேர் வெயில் படாது. கண்ணாடிய காஞ்ச துணியால மட்டும்தான் தொடைக்கறது, தண்ணியோ ஸ்ப்ரேயோ அடிச்சா ஃப்ரேம் சந்து வழியா உள்ள இறங்கி மக்கு ஊறிப்போயிரும்னு பெரியவர் 3 தடவ சொல்லி அனுப்பினாரு.

அறுபதாம் கல்யாணத்தன்னைக்கு சாயங்காலம் லைட்ட அணைச்சுட்டு குத்துவெளக்கு மட்டும் வச்சு அப்பாவ கூட்டிட்டு வந்தோம். ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசாம நின்னாரு. அப்புறம் கிட்டப் போயி, ராமர் தலைக்கு மேல ரெண்டு கையையும் தூக்கி நிக்கிற வசிஷ்டர வெரலால காட்டினாரு. அவரு மேல ஒரு பொட்டுத் தங்கம் இல்ல. ருத்ராட்சம், காவித் துணி, வெள்ளத் தாடி, எல்லாம் வெறும் கலரு. நாங்க 57 நாளா போட்டோல பார்த்தும் இத கவனிக்கல. கிரீடத்த தூக்கி வைக்கிற கைக்கு மட்டும் நகை கெடையாது பாருன்னு அப்பா சொன்னாரு, தாத்தா வீட்டுப் படத்துலயும் இப்படித்தான் இருந்துச்சாம்.

அம்மாவுக்கு நவநீத கிருஷ்ணர் வேணுமாம். 15க்கு 12 சைஸ்ல போன வாரம் அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துட்டேன். இந்த தடவ 60 நாள்னு அவங்களே சொல்லிட்டாங்க.